மாற்றிவிடுகிறேன் என்பவரிடம் மறுபடி போகாதீர்கள்

தம்பி, ஆண்கள் மீதான ஈர்ப்பை மாற்றிவிடலாம் என்று மருத்துவர் மாத்திரை கொடுத்ததாகவும், அம்மா திரும்பவும் அங்கே கூப்பிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். போகாதீர்கள். இது நோயே இல்லை. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் இப்படி மாற்ற முயல்வதைத் தொழில்நெறி மீறல் என்றே அறிவித்துவிட்டது. அதை அம்மாவிடமும் காட்டுங்கள். பாவம், அவர் பயத்தில்தான் இழுக்கிறார். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாமல் வேறொரு மனநல மருத்துவரிடம் கேளுங்கள். புது ஆலோசகரிடம் முதல் அழைப்பிலேயே, “என்னை மாற்றப் பார்ப்பீர்களா?” என்று கேளுங்கள். தயங்கினால் வேண்டாம். பேச ஆளில்லை என்கிறீர்களே, தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்கான சென்னை ‘ஓரினம்’ குழுவுக்கு எழுதுங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண் 14416ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம், இலவசம்.