உப்புத் தண்ணீரும் புளிப்பு மரங்களும்: வாசகர் கேள்வி-பதில்

மேயர் என்ற ரக எலுமிச்சை வைத்திருக்கிறேன். இலை நுனியெல்லாம் கருகுகிறது. ஆர்ஓ மெஷின் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் அதற்குத்தான் ஊற்றுகிறேன். உரம் போதவில்லையா?
*வாசகி, திருவொற்றியூர்*

உரம் பிரச்சினை இல்லை, தண்ணீர்தான். மெஷினுக்குள் போகும் தண்ணீரில் பாதி கழிவாக வருகிறது என்றால், உப்பு ஏறக்குறைய முழுவதும் அந்தப் பாதியில்தான் இருக்கும். போர் தண்ணீர் 800 டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) இருந்தால் கழிவு 1,500ஐத் தாண்டிவிடும். எலுமிச்சைக் குடும்பத்துக்கு உப்பு ஆகவே ஆகாது. 700ஐத் தாண்டினாலே சிணுங்கும். கழிவை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு மெட்ரோ வாட்டர், மழைநீர், ஏன், ஏசியிலிருந்து சொட்டுவதுகூட நல்லது. அதில் உப்பே இருக்காது.

தொட்டியில் ஏற்கெனவே சேர்ந்த உப்பை வெளியேற்ற, அடித்துளை வழியாகத் தாராளமாக வடியும் வரை நல்ல தண்ணீரை ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை செய்தால் போதும். கடல்காற்று நேராக அடிக்கிற மாடியாக இருந்தால் இலைகளையும் கழுவிவிடுங்கள். அடுத்த கன்று வாங்கும்போது எந்த மரத்தின் வேரில் ஒட்டுக் கட்டியது என்று கேளுங்கள். ரங்பூர் லைம் வேர் உப்பை ஓரளவு தாங்கும். மூவிலை ஆரஞ்சு வேர் என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

வடசென்னைக்காரர்கள் எந்த ரகம் என்று யோசிப்பதற்கு முன்னால் தங்கள் தண்ணீரை வாயில் விட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஆன்லைனில் சிவப்புச் சுளை ஆரஞ்சு, 'பிளட் ஆரஞ்சு' கன்று விற்கிறார்கள். வாங்கலாமா?
*வாசகர், பெரம்பூர்*

வேண்டாம். மரம் வளரும், சிவப்பு வராது. அந்த நிறம் ஊற இரவுக் குளிர் வேண்டும். ஜனவரியிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் ஊர் நம்முடையது. சாதா கமலா ஆரஞ்சே இங்கே தோல் பச்சையாகத்தான் பழுக்கும். சிவப்புதான் ஆசை என்றால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

பாட்டி ரங்கூனிலிருந்து வந்தவர். அங்கே பம்பளிமாஸ் சுளையை உதிர்த்து சாலட் செய்வார்களாம், அதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். கடையில் வாங்கிய பழத்தின் விதையைப் போட்டேன், முளைத்திருக்கிறது. எப்போது காய்க்கும்?
*வாசகர், வியாசர்பாடி*

ஆறேழு வருடம் ஆகலாம், அதுவும் அதே பழம் கிடைக்காது. நம் எலுமிச்சை விதையில் பெரும்பாலும் தாயை அப்படியே உரித்து வைத்த கன்றுதான் வரும். பம்பளிமாஸ் விதை அப்படி இல்லை, ஒவ்வொன்றும் தனிக் கலப்பு. பாட்டி சாப்பிட வேண்டும் என்றால் பதியன் கன்றோ ஒட்டுக்கன்றோ வாங்கி நடுங்கள், மூன்று நான்கு வருடத்தில் காய் பார்க்கலாம். சிவப்புச் சுளை ரகமாகவே கேளுங்கள். இதன் சிவப்பு தக்காளியில் இருக்கும் அதே லைகோபீன் என்ற நிறமி; அதற்குக் குளிர் தேவையில்லை.

இது தொட்டிக்கு அடங்காத மரம். சுற்றிலும் பதினைந்து அடியாவது விடுங்கள். உங்கள் பக்கம் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் நிற்கும் என்பதால் ஒன்றரை அடி மேடு கட்டி, ஒட்டு இடம் மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுங்கள். அடிமரத்தில் பிசின் வடிந்தால் ஈரம் தங்குகிறது என்று அர்த்தம்.

இன்னொன்று. பாட்டி கொழுப்புக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறாரா? அவற்றில் சில இந்தப் பழத்தோடு சேர்ந்தால் ரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறிவிடும். டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மூன்றாவது மாடி, பாதி நாள்தான் வெயில். வித்தியாசமாக ஒன்றே ஒன்று வைக்க வேண்டும் என்றால்?
*வாசகி, தண்டையார்பேட்டை*

கலமொண்டின். நர்சரிகளில் 'சைனா ஆரஞ்சு' என்று விற்பது பெரும்பாலும் இதுதான். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய காய், எலுமிச்சைக்குப் பதிலாக மீனுக்கும் ரசத்துக்கும் பிழியலாம். பிலிப்பைன்ஸ் சமவெளியில் வளர்வது என்பதால் நம் வெக்கைக்கு அசராது. பாதியாக வெட்டிய நீல டிரம் போதும். அடியில் துளை போட மறக்காதீர்கள். பாதி வெயிலில் காய் குறையும், நின்றுவிடாது.

காயே வேண்டாம், வாசனை போதும் என்றால் நாரத்தை வையுங்கள். கொழுந்தைப் பறித்து வேப்பிலைக்கட்டி இடித்துக்கொள்ளலாம். இனிப்பு ரகங்களை நான் உங்கள் பக்கத்துக்குச் சொல்வதே இல்லை. புளிப்பும் கசப்பும்தான் இந்த வெயிலில் மானத்தைக் காப்பாற்றும்.

இலையில் காக்காய் எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. மறுநாள் இலையே இல்லை!
*வாசகர், கொளத்தூர்*

அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. சின்னதில் எச்சம் மாதிரி வேடம், வளர்ந்தால் பச்சை நிறம். மருந்தெல்லாம் வேண்டாம், காலையில் கையால் பொறுக்கிவிடுங்கள். தொட்டால் தலையில் சிவப்பாக ஒரு கொம்பை நீட்டி நாற்றமடிக்கும், கடிக்காது. பக்கத்தில் கறிவேப்பிலை இருந்தால் அதையும் புரட்டிப் பாருங்கள். அதுவும் இதே குடும்பம்தான். இங்கே தீர்ந்தால் அங்கே போவார்கள்.