கதவைத் தொட்டால் சுர்ரென்கிறதா?

கேள்வி: எங்களுடையது 30 ஆம்பியர் ஆர்.வி. (உள்ளேயே தங்கும் வசதியுள்ள பயண வண்டி). முகாமில் உள்ள கரன்ட் பெட்டியில் சொருகினால் லைட், ஃபேன் நன்றாக ஓடுகின்றன. ஏ.சி. மட்டும் பத்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. மழை விட்டபின் இறங்கி நின்று கதவைத் தொட்டேன், கையில் சுர்ரென்றது. பேட்டரி கோளாறாக இருக்குமா?

பதில்: பேட்டரியை விடுங்கள், அந்தச் 'சுர்'தான் என்னைப் பதற வைக்கிறது. வண்டியின் உடம்பில் கரன்ட் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஈரத்தரையில் நின்று தொட்டால் உயிரே போகலாம். கரன்ட் பெட்டியில் பிரேக்கரை அணைத்துவிட்டு, அப்புறம் பிளக்கைப் பிடுங்குங்கள். உள்ளே யாராவது இருந்தால் அதுவரை இறங்க வேண்டாம். ஒரு கால் தரையிலும் ஒரு கை கைப்பிடியிலும் இருக்கிற அந்த நொடியில்தான் ஆபத்து.

லைட் எரிவதை வைத்து வெளிக்கரன்ட் சரியாக வருகிறது என்று எண்ணாதீர்கள். லைட்டும் ஃபேனும் 12 வோல்ட்டில் ஓடுபவை. வெளியிலிருந்து எதுவுமே வராவிட்டாலும் பேட்டரி தீரும்வரை ஓடும்.

இப்போது பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். பதினெட்டு வருடமாக இந்த வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிறேன், நான் முதலில் பார்ப்பது இதைத்தான். போன மாதம் வந்த ஒரு பிளக்கில் ஒரு முள்ளின் அடிப்பக்கம் பழுப்பேறி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகி உப்பியிருந்தது. முகர்ந்தால் கருகிய வாடை. பலபேர் சொருகிப் பிடுங்கித் தளர்ந்துபோன சாக்கெட்டில் முள் இறுக்கமாக உட்காராது, அந்த இடம் சூடாகும், வோல்டேஜ் இறங்கும். ஏ.சி. பாதியில் நிற்க அதுவே போதும். எர்த் முள்ளும் சரியாகத் தொடவில்லையென்றால், உள்ளே கசிகிற கரன்ட் திரும்பிப்போக வழியில்லாமல் வண்டியின் தகரத்திலேயே நிற்கும். கருகிய பிளக்கைத் தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

பிளக் சுத்தமாக இருந்தால் கரன்ட் பெட்டியின் சாக்கெட்டை அளக்க வேண்டும். மல்டிமீட்டரில் பழக்கம் இல்லையென்றால் முகாமின் எலக்ட்ரீஷியனையே அழையுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே சுமார் 120 வோல்ட் (அமெரிக்க அளவு), ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். இரண்டாவது அளவில் பூஜ்யமும் கடைசி அளவில் 120உம் வந்தால் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன, அந்த இடத்தில் வண்டியையே நிறுத்தாதீர்கள். எல்லாம் சரியாக இருந்தால், ஏ.சி. ஓடும்போது வண்டிக்குள் வோல்டேஜ் எவ்வளவு என்று பாருங்கள். 105க்குக் கீழே போனால் கம்ப்ரஸர் கெடும், அணைத்துவிடுங்கள்.

எர்த்தைச் சரிசெய்தபின் 'சுர்' நின்றாலும், கரன்ட் எங்கே கசிகிறது என்று கட்டாயம் தேடுங்கள். நான் அதிகம் கண்டது வெந்நீர் டேங்கின் ஹீட்டர் கம்பி. தண்ணீரில்லாமல் ஆன் செய்தால் அந்தக் கம்பி சீக்கிரமே கருகி விரிசல்விடும்.

கேள்வி: வீட்டு வாசலில் நிறுத்தி, அடாப்டர் போட்டு வீட்டு பிளக் பாயிண்டில் கொடுத்தால் ஜி.எஃப்.சி.ஐ. (கரன்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) உடனே விழுகிறது. அடாப்டரை மாற்றலாமா?

பதில்: அடாப்டரில் பணத்தைப் போடும் முன் ஒரு சோதனை. ஆர்.வி.யின் மெயின் பிரேக்கரை அணைத்துவிட்டுச் சொருகிப் பாருங்கள். விழாவிட்டால் கசிவு உள்ளே ஏதோ ஒரு கருவியில் இருக்கிறது. மெயினைப் போட்டு, மற்ற பிரேக்கர்களை ஒவ்வொன்றாக ஏற்றினால் எது என்று பிடித்துவிடலாம். அணைத்த பிறகும் விழுந்தால், ஒயரிலோ பிளக்கிலோ ஈரம் இருக்கலாம், இல்லையென்றால் நியூட்ரலும் எர்த்தும் வண்டிக்குள் எங்கேயோ சேர்ந்திருக்கின்றன. 30 ஆம்பியர் வண்டியின் மெயின் பிரேக்கர் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் இணைப்பு அப்படியே இருக்கும், அதனால்தான் அணைத்த பிறகும் விழுகிறது. வண்டிக்குள் நியூட்ரலும் எர்த்தும் ஒன்றோடொன்று தொடவே கூடாது. அண்மையில் யாராவது பேனலைத் திறந்து வேலை பார்த்தார்களா? ஆம் என்றால் அங்கிருந்தே தேடச் சொல்லுங்கள்.