மாநில வரிப் படிவத்தில் 40 டாலர் நன்கொடை: யார் பணம், எங்கே போகிறது?

கேள்வி: கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். நானும் கணவரும் சேர்ந்துதான் வரிக் கணக்கு தாக்கல் செய்கிறோம். இந்த முறை மாநில ரீஃபண்ட் (கூடுதலாகக் கட்டிய வரி திரும்பி வருவது) 640 டாலர் வருகிறது. கடைசிக் கட்டத்தில் நன்கொடை தர விருப்பமா என்று ஒரு நீளமான பட்டியல் வந்தது. பக்கத்தில் இருந்த மகள், கடல் நீர்நாய்க்கு 40 டாலர் போடும்மா என்கிறாள். இது எங்கள் பணமா, அரசு தருவதா? வரி குறையுமா? போட்ட பிறகு மாற்றலாமா?

பதில்: முழுக்க உங்கள் பணம்தான். 40 டாலர் போட்டால் 600 டாலர்தான் கைக்கு வரும்.

பலருக்கும் இந்தக் குழப்பம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஃபெடரல், அதாவது மத்திய அரசின், வருமான வரிப் படிவம் 1040-இல் அதிபர் தேர்தல் நிதிக்கு 3 டாலர் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் செய்தால் உங்கள் வரியும் ஏறாது, ரீஃபண்டும் குறையாது. அந்தப் பணம் அரசுக் கருவூலத்திலிருந்து போகிறது. நியூ ஜெர்சி படிவத்தில் ஆளுநர் தேர்தல் நிதிக்கான கட்டமும் அப்படித்தான். நன்கொடைக் கட்டங்கள் வேறு ரகம். உங்கள் மாநில வரிப் படிவமான 540-இல் நன்கொடைப் பகுதியைப் பாருங்கள்: ஒவ்வொரு நிதிக்கும் மூன்று இலக்க எண், பக்கத்தில் ஒரு கட்டம், சென்ட் இடத்தில் '.00' ஏற்கெனவே அச்சாகியிருக்கும். முழு டாலராகத்தான் தர முடியும். 1 டாலர் போதும். கடல் நீர்நாய்க்கு 410, வீடில்லாத பிள்ளைகளின் பள்ளிப் பொருட்களுக்கு 422. எல்லாவற்றின் கூட்டுத்தொகையும் படிவத்தின் 110-ஆம் வரிசைக்கு வரும். ரீஃபண்ட் இருந்தால் அதில் கழியும், வரி பாக்கி இருந்தால் அதோடு கூடும். சில மாநிலங்களில் ரீஃபண்ட் வருகிறவர்கள் மட்டுமே இப்படித் தர முடியும். சம்பளத்துக்கு மாநில வருமான வரியே இல்லாத டெக்சாஸில் இருப்பவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

சரி, கொடுக்கலாமா? கொடுங்கள் என்பேன், அதுவும் மகள் கேட்ட காரியத்துக்கே. இந்த வழக்கம் 1977-இல் கொலராடோவில் தொடங்கியதே காட்டுயிர்களுக்காகத்தான். வனவிலங்குத் துறைகளுக்குப் பணம் பெரும்பாலும் வேட்டை, மீன்பிடி உரிமங்களிலிருந்து வந்தது. யாரும் வேட்டையாடாத பறவைக்கும் தவளைக்கும் செலவழிக்கக் காசு இருக்காது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் வரிப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தார்கள். பிறகு மற்ற மாநிலங்களும் எடுத்துக்கொண்டன.

கலிஃபோர்னியாவில் கடல் நீர்நாய்கள் அற்றுப்போய்விட்டன என்றே ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1938-இல் பிக் சர் கரையில் சுமார் 50 கண்ணில் பட்டன. இன்று ஏறக்குறைய 3,000. உங்கள் 40 டாலரை மாநில மீன், வனவிலங்குத் துறையும் கடலோரப் பாதுகாப்பு வாரியமும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்ளும். வசூலிக்கும் செலவை மட்டும் வரி அலுவலகம் முன்னதாகக் கழித்துக்கொள்ளும். கரையொதுங்கும் நீர்நாய்களை சாண்டா க்ரூஸ் ஆய்வகத்தில் அறுத்துப் பார்த்து, எதனால் செத்தன என்று கண்டுபிடிக்கும் வேலைக்கு இந்தப் பணம் உதவுகிறது. பூனைக் கழிவிலிருக்கும் ஒட்டுண்ணி மழைநீரோடு கடலுக்குப் போய் நீர்நாய்களைக் கொல்கிறது என்பது இப்படிப்பட்ட ஆய்வில்தான் தெரியவந்தது. மகளிடம் சொல்லுங்கள், உங்கள் வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனமாகக் கேட்பாள்.

இன்னொன்றும் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் பெரும்பாலான நிதிகள் ஆண்டுக்கு 2,50,000 டாலராவது திரட்ட வேண்டும். திரட்டாவிட்டால் படிவத்திலிருந்தே பெயர் போய்விடும். அப்படிக் காணாமல் போன நல்ல நிதிகள் உண்டு. ஆக, சின்னத் தொகை போடுவதும் அந்தப் பெயரைப் பட்டியலில் நிறுத்தி வைக்கப் போடும் ஓட்டுதான்.

வரிச் சலுகைக்கு வருவோம். மாநில வரி இதனால் டாலருக்கு டாலர் குறையாது. வேறு எந்த நன்கொடையையும் போல வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், அவ்வளவே. எந்த ஆண்டில் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 2025-ஆம் ஆண்டுக் கணக்கை 2026 ஏப்ரலில் தாக்கல் செய்தால், அது 2026-இல் கொடுத்த நன்கொடை. 2027-இல் தாக்கல் செய்யும்போதுதான் காட்ட வேண்டும். ஃபெடரல் கணக்கில் 2026 முதல் விதியும் மாறுகிறது. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (செலவுக் கணக்குக் காட்டாமலே கிடைக்கும் நிலையான கழிவு) எடுக்கும் தம்பதியரும் 2,000 டாலர் வரை பண நன்கொடையைக் கழிக்கலாம். ஐட்டமைஸ் செய்பவர்களுக்கோ, அதாவது செலவுகளைத் தனித்தனியாகக் காட்டிக் கழிப்பவர்களுக்கோ, சரிக்கட்டிய மொத்த வருமானத்தில் (AGI, சில கழிவுகள் போக மீதி வருமானம்) 0.5 சதவீதத்துக்கு மேல் போவது மட்டுமே கணக்கில் வரும்: வருமானம் 2,00,000 டாலர் என்றால் முதல் 1,000 டாலருக்குச் சலுகை இல்லை. படிவத்தின் நகலை எடுத்து வையுங்கள், அதுதான் உங்கள் ஆதாரம்.

பெரிய தொகை தர நினைத்தால் இந்த வழி வேண்டாம். 250 டாலரும் அதற்கு மேலும் என்றால் பெற்றுக்கொண்டவரிடமிருந்து எழுத்துப்பூர்வமான ரசீது வேண்டும் என்பது ஃபெடரல் விதி. அப்புறம், உங்கள் கம்பெனி நன்கொடைக்கு இணையாகத் தானும் போடும் கம்பெனியாக இருந்தால், பொதுவாகப் பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்களுக்குத்தான் போடுவார்கள். 500 டாலரை நேரடியாக ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தால் அது 1,000 ஆகலாம். வரிப் படிவம் வழியாகப் போனால் 500-தான்.

மனம் மாறினால்? அனுப்பிய பிறகு தொகையை மாற்ற முடியாது. திருத்திய கணக்கு தாக்கல் செய்தும் திரும்ப வாங்க முடியாது. அதனால் அனுப்பும் முன் 110-ஆம் வரிசையில் 40 இருக்கிறதா, அவசரத்தில் 400 ஆகிவிட்டதா என்று ஒரு தடவை மகளையே வாசிக்கச் சொல்லுங்கள்.