பழைய ஜப்பானிய வாள் ஒன்று வாங்கினேன். பிடியைக் கழற்றினால் உள்ளே எழுத்து இருக்கிறது. அதை வைத்து யார், எப்போது செய்தது என்று சொல்ல முடியுமா?

எழுத்தைப் படிப்பது பெரிய விஷயமில்லை, கான்ஜி (ஜப்பானியர் பயன்படுத்தும் சீன எழுத்து) தெரிந்தவர் யாரும் படித்துவிடுவார். படித்ததை நம்பலாமா என்பதில்தான் சிக்கல். நான் டோக்கியோவில் வேலை பார்க்கிறேன், விடுமுறை வந்தால் வாள் பார்க்கக் கிளம்பிவிடுவேன். இங்கே அனுபவம் உள்ள சேகரிப்பாளர்கள் கையொப்பத்தைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். 'கான்தேய்' என்று ஒரு பயிற்சியே இதற்கு இருக்கிறது. நகாகோவை, அதாவது பிடிக்குள் போகும் அடிப்பகுதியை, மூடிவைத்து வாளைக் கையில் கொடுப்பார்கள். அலகை மட்டும் பார்த்து, செய்தவர் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். சரியாக இருந்தால் 'அதாரி'. காலத்தையே தப்பாகச் சொன்னால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள்.

நீங்களும் அலகிலிருந்தே தொடங்குங்கள். முதலில் நீளம்: முதுகுப் பக்கம் இருக்கும் வெட்டிலிருந்து நுனிவரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். 60.6 செ.மீ.க்கு மேல் என்றால் நீள வாள்களான கத்தானா அல்லது தாச்சி, 30.3க்கும் அதற்கும் இடையே வாகிசாஷி, அதற்கும் கீழே தான்தோ. அப்புறம் வளைவு. ஹெயான் காலக் கடைசியிலும் கமகுரா தொடக்கத்திலும் (12ஆம் நூற்றாண்டுக் கடைசி, 13ஆம் நூற்றாண்டுத் தொடக்கம்) செய்த தாச்சிகள் பிடிக்குப் பக்கத்திலேயே நன்றாக வளைந்திருக்கும். 1660களில் செய்த கத்தானாக்கள் பல, கிட்டத்தட்ட நேராக இருக்கும். கையொப்பம் ஒரு காலத்தையும் வளைவு இன்னொன்றையும் சொன்னால் நான் வளைவின் பக்கம்தான். ஆனால் பழைய நீள வாள்களை அடிப்பக்கம் வெட்டிக் குட்டையாக்கும் வழக்கம் இருந்தது, அதில் வளைவும் குறையும், கையொப்பமும் போய்விடும். அதனால் கையொப்பமே இல்லாத வாள் மட்டமானது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

விளிம்பை ஒட்டி ஓடும் வெள்ளைக் கோலம்தான் ஹாமோன். களிமண் பூசிச் சூடாக்கித் தண்ணீரில் தோய்க்கும்போது அது உருவாகிறது. ஒற்றை விளக்கின் கீழ் வாளைச் சாய்த்துப் பாருங்கள். உண்மையான ஹாமோனில் நுண்ணிய மணிகள் மின்னும் அல்லது மூடுபனி மாதிரி ஒரு கோடு தெரியும். அமிலத்தால் வரைந்தது எந்தக் கோணத்திலும் மந்தமாகவே இருக்கும்.

இனி நகாகோ. இதன் துருவை மட்டும் தயவுசெய்து தேய்த்து எடுத்துவிடாதீர்கள்! வயதுக்குச் சாட்சியே அதுதான். நூற்றாண்டுகள் கடந்த துரு கருமையும் பழுப்புமாக வழவழப்பாக இருக்கும். எழுத்து வெட்டின் உள்ளேயும் அதே நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே மட்டும் பளிச்சென்று சிவந்திருந்தால் பின்னால் யாரோ வெட்டிய பெயர் என்று சந்தேகப்படலாம். போலிக் கையொப்பம் புதிய மோசடி அல்ல, எடோ காலத்திலேயே (1603–1868) தாராளமாக நடந்தது. 17ஆம் நூற்றாண்டில் எடோவில் (இன்றைய டோக்கியோ) வாழ்ந்த வாள் கொல்லர் கோதெத்சுவின் பெயரைப் பார்த்தாலே போலி என்று நினைத்துக்கொள் என்பது இங்கே பழமொழி. புகழ்பெற்ற கொல்லர் மசமுனேயோ கையொப்பம் இட்டதே அபூர்வம்; அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

பெயர் உண்மை என்றாலும் ஆள் யார் என்பது தனிக் கேள்வி. என்னிடம் இருப்பது ஒரு சுகேசாதா வாகிசாஷி. 16ஆம் நூற்றாண்டில் பிசென் மாகாணத்தின் (பிஷூ என்றும் சொல்வார்கள்) ஓசாஃபுனேயில் அந்தப் பெயரில் கொல்லர்கள் டஜன் கணக்கில் இருந்தார்கள். உள்நாட்டுப் போர்க்காலம், வாள்கள் கும்பல் கும்பலாகத் தேவைப்பட்டன. அப்படிச் செய்தவற்றில் பெரும்பாலும் 'பிஷூ ஓசாஃபுனே சுகேசாதா' என்ற சுருக்கமான கையொப்பம்தான் இருக்கும். தனி ஆர்டருக்குச் செய்ததில் யோசோசாயெமோன்னோஜோ போன்ற சொந்தப் பெயரும் சேரும், விலையும் ஏறும். என்னுடையது சுருக்க ரகம். எனக்கு அது போதும்.

இரண்டாம் உலகப் போர் வாள்களை இதில் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1935இல் வந்த 95ஆம் ரக வாளில் பிடி வார்ப்பு உலோகம், அலகில் வரிசை எண் இருக்கும், அது தொழிற்சாலைச் சரக்கு. அதிகாரிகள் வாள்களில் இரண்டும் உண்டு: குடும்பப் பழைய அலகைப் போர் உறையில் போட்டதும் கிடைக்கும், வாள் செய்யும் ஊரான செகியின் முத்திரை குத்திய அப்போதைய அலகும் கிடைக்கும். நகாகோவில் 'ஷோவா' என்ற ஆட்சிக்காலப் பெயர் இருந்தால் பக்கத்து எண்ணோடு 1925ஐக் கூட்டுங்கள்; ஷோவா 17 என்றால் 1942.

சான்றிதழ் வேண்டுமென்றால் 1948இல் தொடங்கிய என்.பி.டி.எச்.கே. என்ற ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்பு அமைப்பின் பரிசீலனைதான் பெரும்பாலோர் மதிப்பது. ஹோசோன், தொகுபேத்சு ஹோசோன், ஜூயோ, தொகுபேத்சு ஜூயோ என்று நான்கு படிகள். போலிக் கையொப்பம் என்று பட்டால் தாள் கிடைக்காது. விற்பவர் காட்டும் 'தோரோகுஷோ' இதில் சேராது. அது மாகாணக் கல்வி வாரியம் தரும் பதிவுச் சீட்டு, நீளத்தையும் கண்ணில் பட்ட எழுத்தையும் குறிக்குமே தவிர அசலா என்று சொல்லாது. பரிசீலனைக்காக ஜப்பானுக்கு அனுப்ப நினைத்தால், முதலில் நுனி மேலே இருக்கும்படி நகாகோவின் இரு பக்கங்களையும் ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுத்து, தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். மரபு முறையில் செய்யாத போர்க்கால அலகுக்கு இங்கே பதிவு கிடையாது; அனுப்பினால் திரும்பி வராமலே போகலாம்.