ஆய்வு முடிவை ஊருக்குச் சொல்வது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பற்றி ஆய்வு செய்கிறேன். தர்மபுரிப் பக்கம் ஒரு கிராமத்தில் முடிவுகளைச் சொல்ல வேண்டும். பவர்பாயின்ட் போதுமா?

பதில்: புரொஜெக்டர் வேண்டாம். ஊர்ப் படத்தைச் சார்ட்டில் பெரிதாக வரைந்து, ஒவ்வொரு போரையும் (ஆழ்துளைக் கிணற்றையும்) அவர்கள் அழைக்கும் பெயரிலேயே குறியுங்கள்: 'கோயில் போர்', 'பள்ளிக்கூடத்துப் பைப்பு'. 'லிட்டருக்கு 2.8 மில்லிகிராம்' என்று மொட்டையாகச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. குடிநீரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய போர்த் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்க வேண்டாம், குளிக்கவும் துவைக்கவும் எடுக்கலாம் என்று பிரித்துச் சொல்லுங்கள். எந்தப் பைப்புத் தண்ணீரைக் குடிக்கலாம் என்பதையும் அங்கேயே காட்டிவிடுங்கள்.

'கொதிக்க வெச்சா போயிடுமா சார்?' என்று கட்டாயம் கேட்பார்கள். போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கி அடர்த்தி கூடும். கேட்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். ஃபுளோரைடால் எந்த வீட்டுப் பிள்ளைக்குப் பல்லில் கறை என்று கூட்டத்தில் சுட்டிக்காட்டவே கூடாது. நாளை அது கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும்.

கேள்வி: 'ஆபத்து இரு மடங்கு' என்று செய்தியில் போட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: நியாயமான பயம். 1995இல் பிரிட்டனில் சில புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு ஆபத்து இரட்டிப்பாகிறது என்று செய்தி பரவியது. உண்மையில் 7,000 பேரில் ஒருவருக்கு வந்துகொண்டிருந்தது இருவருக்கு என்று ஆனது, அவ்வளவுதான். பயந்துபோய்ப் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள்; மறு ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸில் கருக்கலைப்புகள் கூடின. அதனால் 'இத்தனை பேரில் இத்தனை பேர்' என்ற கணக்கை, ஒப்பிடும் இரண்டு பக்கமும் ஒரே அடிஎண் (இங்கே 7,000 போல) வைத்து, செய்திக்குறிப்பின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். கட்டுரையை முன்கூட்டியே காட்டச் சொன்னால் நிருபர் மறுப்பார். எண்களை மட்டும் போனில் படித்துக் காட்டச் சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்.

கேள்வி: புள்ளியியலில் வரும் 'சிக்னிஃபிகன்ட்' என்பதைத் தமிழில் 'முக்கியமான' என்று எழுதலாமா?

பதில்: கூடாது. மருந்து பற்றிய ஆய்வு என்றால், மருந்து பெரிதாக வேலை செய்கிறது என்று வாசகர் நினைத்துக்கொள்வார். 'வேறுபாடே இல்லையென்றால், தற்செயலாக இப்படி ஒரு முடிவு வருவது அரிது' என்று எழுதுங்கள். வேறுபாடு எவ்வளவு என்பதைத் தனி வாக்கியத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: மூன்று நிமிடத்தில் ஆய்வேட்டைச் சொல்லும் போட்டி. எதை வெட்டுவது?

பதில்: கருவிப் பெயர்களையும் செய்முறையையும்தான் முதலில். வாய்விட்டுப் படித்து 2 நிமிடம் 45 நொடிக்குள் வரும்வரை வெட்டுங்கள். மேடையில் தடுமாற அந்த 15 நொடி வேண்டும்.

கேள்வி: ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மழையளவை எப்படி விளக்குவது?

பதில்: ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். இதை மட்டும் கொடுத்து, பள்ளி மொட்டை மாடியை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 100 சதுர மீட்டர் மாடியில் 10 சென்டிமீட்டர் பெய்தால் 10,000 லிட்டர். 1,000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் பத்து நிரம்பும். பிள்ளைகளே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார்கள்.