கேம்பர் வேன் வாடகை: ராத்திரிக்குக் கொடுக்கிற காசு

கேள்வி: கோடை விடுமுறைக்கு ராமநாதபுரம் கடற்கரை ஓரமாகக் குடும்பத்தோடு நான்கு நாள் சுற்றலாம் என்று இருக்கிறோம். தொண்டியில் ஆரம்பித்து தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி பார்த்துவிட்டு, திரும்பும்போது கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாக வர யோசனை. நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார் என ஆறு பேர். லாட்ஜ் செலவு மிச்சமாகுமே என்று ஒரு கேம்பர் வேன் பேசினோம். டிரைவரோடு நாள் வாடகை 9,000 ரூபாய், டெபாசிட் 20,000 ரூபாய், டீசல் தனி. படுக்கை, சின்ன கிச்சன், டாய்லெட், ஏசி எல்லாம் உண்டாம். "அக்கா, ராத்திரி முழுக்க ஏசி ஓடும், நான் கேரண்டி. பாதிப் பணத்தை இன்னைக்கே ஜிபே பண்ணுங்க, இல்லன்னா தேதி போயிடும்" என்கிறார் வண்டிக்காரர். போடலாமா?
— வாசகி, மதுரை

பதில்: இன்று போடாதீர்கள். அந்தத் தேதி போனால் போகட்டும்.

முதலில் ஒரு கணக்கு. ஆறு பேர் தாராளமாக உட்காரும் சாதாரண டிராவலர் வேனுக்கு நான்கு நாள் வாடகை என்ன என்று உங்கள் ஊரிலேயே விசாரியுங்கள். அதோடு மூன்று ராத்திரிக்கு ராமநாதபுரத்திலோ ராமேஸ்வரத்திலோ இரண்டு ரூம் வாடகையைக் கூட்டுங்கள். கேம்பருக்கு நீங்கள் தரப்போவது 36,000 ரூபாய், அதற்கு மேல் டீசல், டிரைவர் பேட்டா. பகலில் இரண்டு வண்டியும் ஒரே ரோட்டில்தான் ஓடப்போகின்றன. ஆகவே கேம்பருக்காகக் கூடுதலாகக் கொடுப்பதெல்லாம் அதில் படுத்துத் தூங்குவதற்கான விலை. அந்தத் தூக்கத்தை அவரால் தர முடியுமா என்பதைத்தான் துருவ வேண்டும். சோபா நிறம், டிவி அளவு எல்லாம் அப்புறம்.

ஏசியில் ஆரம்பிப்போம். மே மாதம் அந்தக் கரையில் ராத்திரியிலும் புழுக்கம் விடாது. கூரையில் வைக்கும் ஏசி சுமார் 1,200 வாட் இழுக்கும் என்று வையுங்கள். வண்டிக்குள் 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று இருந்தால், இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: 1,800 வாட்-அவர். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி என்றால் அதில் பாதிக்கு மேல் எடுத்தால் சீக்கிரமே கெட்டுப்போகும். மிஞ்சுவது 900. ஏசி முக்கால் மணி நேரம் ஓடும். லித்தியம் பேட்டரியாக இருந்து முழுதாகத் தீர்த்தாலும் ஒன்றரை மணி நேரம். மற்ற நேரமெல்லாம் மாமியார் முந்தானையால் விசிறிக்கொண்டிருப்பார். ஆகவே "கேரண்டி" என்பவரிடம் பேட்டரி என்ன வகை, எத்தனை ஆம்பியர்-அவர், எத்தனை இருக்கிறது என்று மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அதுவே பதில்.

"ஜெனரேட்டர் இருக்கே" என்பார், அல்லது "எஞ்சினை ஓடவிட்டுட்டுத் தூங்குங்க" என்பார். இரண்டுக்கும் சம்மதிக்காதீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் ரோட்டோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது; தூங்குகிறவர் விழிக்கவே மாட்டார். பேட்டரி போதாவிட்டால், ஏசி ராத்திரி முழுக்க ஓட ஒரே பத்திரமான வழி, வெளியிலிருந்து மின் இணைப்பு எடுப்பது. அதற்கு 15 ஆம்பியர் பிளக் உள்ள ஓர் இடத்தில் வண்டி நிற்க வேண்டும். அங்கேதான் அடுத்த சிக்கல்.

எங்கே நிறுத்துவீர்கள்? தனுஷ்கோடியில் விடியலைப் பார்த்தபடி கண் விழிக்கலாம் என்று விளம்பரத்தில் படம் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். சாயங்காலத்துக்கு மேல் அங்கே வண்டிகளை விடுவதில்லை, உள்ளே இருப்பவர்களையும் கிளப்பிவிடுவார்கள். ராத்திரி தங்க அனுமதி கிடையாது. 1964 டிசம்பர் புயலில் ஊரே போன இடம் அது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்ததே 2017-இல்தான். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மணல். கேம்பர் எடை கூடின வண்டி, ஓரம் கட்டுகிறேன் என்று பின் சக்கரம் மணலில் இறங்கினால் இழுத்துப்போட டிராக்டர்தான் வர வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள்.

அரியமான் கடற்கரை பகலுக்கு அருமையான இடம். ராத்திரிக்கு நான் சொல்ல மாட்டேன். ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றிய வீதிகள் பெரிய வண்டி நிற்கும் இடமல்ல. ஆக, நடைமுறையில் மிஞ்சுவது காம்பவுண்டு உள்ள ஒரு லாட்ஜ். முன்கூட்டியே போன் போட்டு, "வண்டியை உள்ளே நிறுத்தி கரண்டு எடுத்துக்கொள்கிறோம், ஒரு ரூமும் எடுத்துக்கொள்கிறோம்" என்று பேசுங்கள். குளிக்க, கழிப்பறைக்கு, வயதானவர்கள் படுக்க அந்த ஒரு ரூம் உதவும். லாட்ஜ் செலவை மிச்சம் பிடிக்கக் கிளம்பி லாட்ஜுக்கே போக வேண்டியிருக்கிறதே என்றால், ஆமாம், இந்தக் கரையில் இப்போதைக்கு அப்படித்தான்.

டாய்லெட் விஷயத்தை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். கழிவுத் தொட்டி எத்தனை லிட்டர், யார் காலி செய்வார், எங்கே? "அதெல்லாம் டிரைவர் பார்த்துப்பாரு" என்றால், எங்காவது உடைமரக் காட்டுக்குள் ஊற்றிவிட்டு வருவார் என்று அர்த்தம். நல்ல தண்ணீரும் அதே மாதிரி. நிலத்தடி நீர் பல ஊர்களில் உப்பு, குடிநீரே குடம் கணக்கில் காசுக்கு வாங்கும் மாவட்டம் இது. தொட்டி 100 லிட்டர் என்றால் ஆறு பேர் கை கால் கழுவவும் பாத்திரம் தேய்க்கவும் ஒரு நாள் வரும். குளியல் கணக்கில் சேராது.

சமையல் வேண்டாம் என்பது என் கருத்து. செய்தே தீருவோம் என்றால் இன்டக்ஷனும் வெளி மின் இணைப்பும். காஸ் என்றால், சிலிண்டர் இருக்கும் பெட்டிக்குத் தரை மட்டத்தில் காற்றோட்டத் துளை இருக்கிறதா பாருங்கள்; சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். 2023 ஆகஸ்டில் உங்கள் மதுரை ரயில் நிலையத்தில் நின்ற சுற்றுலாப் பெட்டியில் சிலிண்டர் வைத்து டீ போட்டதில் ஒன்பது பேர் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அடைத்த பெட்டிக்குள் காஸ் என்றால் ரயிலானாலும் வேனானாலும் ஒன்றுதான். கடற்கரையில் மீன் வாங்கிக் குழம்பு வைக்கலாம் என்ற ஆசை இருந்தால் இன்னொரு சேதி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், விலையும் ஏறியிருக்கும். நுங்கும் பதநீரும் தாராளமாகக் கிடைக்கும், பிள்ளைகளுக்கு அது போதும்.

டிரைவர் எங்கே படுப்பார் என்று கேட்டீர்களா? முன் சீட்டில் கொசுக்கடியோடு கிடந்தவர் மறுநாள் பாம்பன் பாலத்தில் உங்களை ஓட்டிப்போகக் கூடாது. உயரமான வண்டியைக் கச்சான் காற்று பக்கவாட்டில் தள்ளும். காற்று பலமாக அடித்தால் பக்கத்துப் பாலத்தில் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். வண்டி ஓடும்போது யாரும் படுக்கையில் இருக்கக் கூடாது. ஆறு பேருக்கும் பெல்ட்டோடு சீட் இருக்கிறதா, ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை இருக்கை என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். படுக்கை எண்ணிக்கையைச் சொல்லி ஏமாற்றுவது சுலபம்.

பணம் போடுமுன் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டிரைவரோடு வாடகைக்கு வரும் வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். நீங்களே ஓட்டிப்போகும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு உரியது, அதை வாடகைக்கு விட உரிமை கிடையாது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்க அதுவே காரணமாகும். மலிவாகக் கிடைக்கும் கேம்பர்கள் வெள்ளைப் பலகையாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

பிறகு பணம். முன்பணத்தை நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு, ரசீது வாங்கிக்கொண்டு, சின்னத் தொகையாகப் போடுங்கள். நேரில் வண்டியைப் பார்த்த பிறகு மீதி. டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும், எதற்கெல்லாம் பிடிப்பார்கள், புயல் எச்சரிக்கையால் பயணம் நின்றால் என்ன என்று எழுத்தில் வேண்டும். கிலோமீட்டரை எங்கிருந்து எண்ணுவார்கள் என்பது முக்கியம். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 175 கிலோமீட்டர்தான். ஆனால் வண்டி கோயம்புத்தூர் ஷெட்டிலிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்புகிறது என்றால் அந்தத் தூரத்துக்கும் டீசல் உங்கள் கணக்கில் விழும். வண்டியை எடுக்கும்போதும் ஒப்படைக்கும்போதும் சுற்றி வந்து வீடியோ எடுங்கள். அடிப்பக்கத் துரு, ஏற்கெனவே உள்ள கீறல், ஸ்டெப்னி, மீட்டர் எல்லாம் பதிவாகட்டும். உப்புக் காற்றில் வந்த துருவுக்கு உங்கள் டெபாசிட்டில் கை வைப்பவர்கள் உண்டு.

தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆரம்பியுங்கள். தீரவில்லை என்றால் வழக்கை மதுரையிலேயே போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் தருபவர் வசிக்கும் ஊரின் மாவட்ட ஆணையமே போதும், வாடகை நிறுவனத்தின் அலுவலகம் எங்கே இருந்தாலும் சரி. நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை: சாதாரண டிராவலர், ராமநாதபுரத்தில் ஒரு ராத்திரி, ராமேஸ்வரத்தில் இரண்டு ராத்திரி. காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய் வாருங்கள். பிள்ளைகளுக்குக் கேம்பரில் படுத்தே ஆக வேண்டும் என்றால், டிசம்பருக்குப் பின் பனிக்காலத்தில் ஒரே ஒரு ராத்திரிக்கு எடுங்கள். அப்போது ஏசி தேவைப்படாது.

கேள்வி: பழைய டிராவலர் வேன் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கி உள்ளே படுக்கை, கிச்சன் அடித்துச் சொந்தக் கேம்பராக மாற்றலாமா? என்னிடம் இருப்பது கார் லைசென்ஸ்தான்.
— வாசகர், பரமக்குடி

பதில்: லைசென்ஸ் பிரச்சினை இல்லை. வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் இலகு ரக வாகன உரிமமே போதும். வாடகை வாகனங்களுக்கும் இது பொருந்தும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சிக்கல் மாற்றுவதில்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. ஆகவே தச்சரைப் பார்க்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகம், அடுத்து இன்சூரன்ஸ். கடலோரத்தில் ஓடிய வண்டி என்றால் மெக்கானிக் ஷெட்டில் குழி மேல் ஏற்றி, அடியில் சேசிஸை (அடிச்சட்டத்தை) தட்டிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். புதிதாக அடித்த கறுப்புப் பெயின்ட் பல ஓட்டைகளை மறைக்கும்.

கேள்வி: ராமேஸ்வரத்தில் சங்கு, பவளப்பாறைத் துண்டு எல்லாம் வாங்கி வரலாமா? கருப்பட்டியில் கலப்படம் என்கிறார்களே?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: வலம்புரி என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். சாதாரணச் சங்கு வாங்கலாம், பில்லோடு. பவளப்பாறை, கடல் குதிரை, கடல் அட்டை எதையும் தொடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை அவை, மாட்டினால் சிறை வரை போகும். "நாங்க விக்கிறோமே" என்ற கடைக்காரர் செக்போஸ்ட் வரை கூட வர மாட்டார்.

கருப்பட்டியில் சீனி கலப்பது உண்மை. பார்த்தோ தின்றோ நிச்சயமாகச் சொல்ல முடியாது. பதநீர் இறங்கும் மாதங்களில் சாயல்குடிப் பக்கம் காய்ச்சுகிற இடத்திலேயே வாங்குங்கள், அல்லது பனைவெல்லக் கூட்டுறவு சங்கக் கடையில். அந்த வழியே வரும்போது குண்டு மிளகாயும் (முண்டு மிளகாய் என்பதும் அதுதான்) ஒரு கிலோ வாங்கிக்கொள்ளலாம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை சலசலக்க வேண்டும். சத்தமே வராவிட்டால் சரியாகக் காயவில்லை, வீட்டுக்குப் போனதும் பூஞ்சை பிடிக்கும்.