எந்த நார்ட்டன்?

கேள்வி: நாங்கள் ஆங்கிலோ-இந்தியர்கள். குடும்பப் பெயர் நார்ட்டன். தாத்தா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அவரும் அப்பாவும் பிறந்தது இங்கேதான். போன மாதம் ஒரு மாலில் கடை போட்டிருந்தவர் கணினியில் பெயரைத் தட்டிப் பார்த்து, இங்கிலாந்தில் ஹுக் நார்ட்டன் என்ற ஊரை ஆண்ட பிரபு வம்சம் நாங்கள் என்றார். நார்ட்டன் என்றால் ‘வடக்கு ஊர்’ என்றும் சொன்னார். கேடயச் சின்னம் அச்சிட்ட பட்டயம் 6,500 ரூபாய், வம்சாவளி அறிக்கை 40,000 ரூபாயாம். அதைக் காட்டி மகளுக்கு பிரிட்டிஷ் விசா வாங்கலாம் என்று ஒரு ஏஜென்ட்டின் கார்டும் கொடுத்தார். வாங்கலாமா? - திருச்சி வாசகர்

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் நாளைக்கே போய்த் திரும்பக் கேளுங்கள்.

அந்த ஆள் சொன்னதில் ஒன்று சரி. நார்ட்டன் என்றால் வடக்கூர்தான். பழைய ஆங்கிலத்தில் ‘தூன்’ என்பது முதலில் வேலி போட்ட இடம், பிறகு பண்ணை, பிறகு ஊர். இன்றைய ‘டவுன்’ அதிலிருந்து வந்த சொல். வடக்கே இருந்தால் நார்ட்டன், தெற்கே சட்டன், மேற்கே வெஸ்டன். எதற்கு வடக்கே? பக்கத்தில் இருந்த ஏதோ ஒரு பெரிய ஊருக்கு. ஆக, வடக்கூர் என்று பெயர் வைத்தவன் வடக்கூர்க்காரனாக இருக்க வாய்ப்பில்லை, தெற்கே இருந்து பார்த்தவன்தான் வைத்திருப்பான்.

ஆளின் பெயரோடு ஊர் ஒட்டிக்கொண்டதும் அப்படித்தான். திருநெல்வேலிக்குள் யாரையும் திருநெல்வேலிக்காரர் என்று கூப்பிடுவதில்லை. சென்னைக்கு வந்த பிறகுதான் அந்தப் பெயர் வருகிறது. நார்ட்டனை விட்டு வேறு ஊருக்குப் பிழைக்கப் போனவனை அந்த ஊர்க்காரர்கள் ‘நார்ட்டன் ஜான்’ என்றார்கள். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் இந்த மாதிரி அடையாளங்கள் மெல்ல மெல்லப் பிள்ளைகளுக்கும் இறங்கி, குடும்பப் பெயராக உறைந்தன. ஊரை ஆண்டவன் பெயர் அல்ல சார், ஊரை விட்டுப் போனவன் பெயர்.

எந்த நார்ட்டன் என்பதுதான் சிக்கல். நம் பக்கம் ஒருவர் ‘சொந்த ஊர் புதூர்’ என்றால் என்ன தெரியும்? 1086இல் அரசர் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கிலேயே இங்கிலாந்து முழுக்க நார்ட்டன்கள் சிதறிக் கிடக்கின்றன. குழப்பம் தாங்காமல்தான் சந்தை கூடும் ஊருக்கு சிப்பிங் நார்ட்டன் என்றும், அரசர் நிலம் இருந்த ஊருக்குக் கிங்ஸ் நார்ட்டன் என்றும் அடைமொழி சேர்த்தார்கள். டீஸ் ஆற்றங்கரையில் ஒன்று, சாமர்செட்டில் மிட்சமர் நார்ட்டன் என்று ஒன்று. ஒன்றோடொன்று உறவில்லாத குடும்பங்கள் தனித்தனியாக இந்தப் பெயரைப் பெற்றிருக்கின்றன. பெயரை வைத்துக்கொண்டு மட்டும் ஊரை யாராலும் காட்ட முடியாது. கணினி காட்டுகிறது என்றால், அதில் யாரோ ஒரு ஊரை ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அதிலும் இவர் போட்டு வைத்தது ஹுக் நார்ட்டன்! இத்தனை நார்ட்டன்களில், வடக்கு என்ற பொருளே இல்லாத ஊரைப் போய்ப் பிடித்திருக்கிறார். ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் இருக்கும் இந்த ஊரின் பெயர் 10ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் ‘ஹொக்நெரதூன்’ என்று வருகிறது. ஹொக்கா என்பவன் பெயரில் ஒரு மலைச்சரிவு. அந்தச் சரிவில் வாழ்ந்த கூட்டத்தாரின் ஊர் ஹொக்நெரதூன். அந்த நீளமான பெயர் வாயில் தேய்ந்து, பின்பாதி ‘நார்ட்டன்’ போலக் கேட்க ஆரம்பித்தது. கேட்ட குமாஸ்தாக்கள், ஓஹோ இது இன்னொரு நார்ட்டன் போல என்று ஹுக் தனியாக, நார்ட்டன் தனியாக எழுதிவிட்டார்கள். நடுவில் வெட்டக்கூடாத சொல்லைத் தப்பான இடத்தில் வெட்டிய கதை. அந்த ஊரிலிருந்து கிளம்பியவன் நார்ட்டன் என்று பெயர் பெற்றிருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை, பெற்றிருக்கலாம். ஆனால் பட்டயத்தில் ஹுக் நார்ட்டன் என்று போட்டு, கீழேயே ‘வடக்கு ஊர்’ என்று பொருள் அச்சிட்டு 6,500 ரூபாய் கேட்பவருக்கு இரண்டில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

‘பிரபு’ எங்கிருந்து வந்தார்? பழைய ஆவணங்களில் ‘டி நார்ட்டன்’ என்று இருக்கும். அந்த ‘டி’யைக் காட்டித்தான் பிரபு என்பார்கள். லத்தீனிலும் பிரெஞ்சிலும் எழுதிப் பழகிய குமாஸ்தாவுக்கு ‘டி’ என்றால் ‘இந்த ஊரைச் சேர்ந்த’, அவ்வளவுதான். மாடு மேய்த்தவனுக்கும் அதே ‘டி’. கேடயச் சின்னமும் குடும்பப் பெயருக்குத் தரப்படுவதில்லை. ஒரு தனி மனிதருக்குத் தரப்பட்டு, அவருடைய நேர் ஆண் வாரிசுகளுக்கு இறங்குவது. இங்கிலாந்தில் அதைப் பார்த்துக்கொள்ளும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் 1484 முதல் இருக்கிறது. யார்க்ஷயரில் நிலபுலன்களோடு வாழ்ந்த நார்ட்டன்கள் இருந்தது உண்மை. அவர்களில் ரிச்சர்ட் நார்ட்டன் 1569இல் எலிசபெத் ராணியை எதிர்த்துக் கிளம்பிய வடக்கத்திக் கலகத்தில் கொடி பிடித்துப் போய், தோற்று, நாட்டை விட்டு ஓடினார். அவர் கேடயத்தை உங்கள் வீட்டு வரவேற்பறையில் மாட்டினால் அவர் உங்கள் பாட்டன் ஆகிவிடமாட்டார்.

விசா ஏஜென்ட்டின் கார்டைக் கிழித்துப் போடுங்கள். காமன்வெல்த் நாட்டவருக்கு வம்சாவளி விசா ஒன்று உண்டு. அதற்கு விண்ணப்பிப்பவரின் தாத்தா அல்லது பாட்டி பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும். கொள்ளுத்தாத்தா போதாது. உங்கள் மகளுக்கு நார்ட்டன் வழியில் அது கிடைக்காது. குடும்பப் பெயரை வைத்து விசா தரும் திட்டம் எதுவும் கிடையாது.

ஊரைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், கீழிருந்து மேலே போக வேண்டும். அப்பா, தாத்தா, அவருடைய அப்பா என்று ஞானஸ்நான, திருமணப் பதிவுகளைச் சேருங்கள். மெட்ராஸ் மாகாணத்து ஆலயங்கள் லண்டனுக்கு அனுப்பிய நகல்கள் பிரிட்டிஷ் லைப்ரரியில் என்/2 என்ற வரிசையில் உள்ளன. எல்லா ஆலயங்களும் ஒழுங்காக அனுப்பவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களின் வரலாற்றைத் தேடுவோருக்கான ஃபிபிஸ் என்ற சங்கத்தின் இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம். முதலில் வந்த நார்ட்டன் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாயாக இருந்தால், அதே லைப்ரரியில் எல்/மில்/11 வரிசையில் உள்ள மெட்ராஸ் படைப் பதிவேடுகளில் அவர் எந்த மாவட்டத்து ஆள் என்று இருக்கக்கூடும். அங்கிருந்துதான் இங்கிலாந்தின் ஆலயப் பங்குப் பதிவேடுகளுக்குப் போக முடியும். 1538இல்தான் அவற்றை எழுதவே உத்தரவு போட்டார்கள், அதனால் பிரபு காலம் வரை போகும் கனவு வேண்டாம். தேடல் அயர்லாந்தில் போய் நின்றாலும் ஆச்சரியப்படாதீர்கள், அங்கே ஒரு ஐரிஷ் பெயரையும் நார்ட்டன் என்று மாற்றி எழுதினார்கள்.

இதெல்லாம் சுலபம் என்று சொல்லமாட்டேன். 2023 அக்டோபரில் சைபர் தாக்குதல் நடந்து லைப்ரரியின் அட்டவணையே மாதக்கணக்கில் படுத்துவிட்டது. நம் ஊரில் தாக்குதலே தேவையில்லை. ஒரே ஒரு பதிவுக்காக நான் ஒரு பங்கு அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்திருக்கிறேன். சாவி வைத்திருப்பவர் நான்கு முறையும் வெளியூர். இந்தச் சலிப்பை நம்பித்தான் மாலில் கடை போடுகிறார்கள்.

முதல் வேலையாக அப்பாவின் ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதில் தாத்தாவின் பெயர் வெறும் இனிஷியலோடு இருந்தால், தாத்தாவின் திருமணப் பதிவுக்கு எழுதிப் போடுங்கள். அதில் அவருடைய அப்பா பெயரும் இருக்கும்.